குர்துகளுக்கு ஏன் தனிநாடு இல்லை? சுலைமானியாவில் ஓராண்டு இருந்தவனின் பதில்

வேலைக்காக வடக்கு ஈராக்கின் எர்பில் நகருக்குப் போகவிருக்கும் ஓர் இளம் பொறியாளர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என்று பிரிந்து மூன்று கோடிப் பேருக்கு மேல் இருக்கும் குர்துகளுக்கு இன்னும் ஏன் ஒரு நாடு இல்லை? அந்தப் பகுதியில் பணியாற்றித் திரும்பிய வெளிநாட்டுப் படைவீரர்கள், குர்துகள் பேச்சு வந்தால் மட்டும் ஏன் சாட்சிக் கூண்டில் ஏறியவர்களைப்போலத் தடுமாறுகிறார்கள்?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது எனக்கும் உரியது.

நான் அங்கே போரிடப் போனவன் அல்ல. எட்டாண்டுகள் நீடித்த ஈரான்–ஈராக் போர், பாதுகாப்பு அவையின் 598ஆம் தீர்மானத்தின்படி 1988 ஆகஸ்ட் 20 அன்று நின்றது. போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 350 ராணுவ அதிகாரிகளை ஐ.நா. அனுப்பியது. இந்தியாவும் அனுப்பியது. மேஜராக இருந்த நான் 1989ஆம் ஆண்டு முழுவதும் வடக்கு ஈராக்கில், சுலைமானியாப் பகுதியில் இருந்தேன். என்னோடு பயிற்சி பெற்றவர்களில் பலர் அப்போது யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் இருந்தார்கள்; தமிழ் தெரிந்த நான் குர்திஷ் பேசும் மலையில் இருந்தேன். எங்களுக்கு ஆயுதம் கிடையாது. நீலத் தொப்பி, தொலைநோக்கி, வரைபடம், வெள்ளை வண்டி. 1988ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு ஐ.நா. அமைதிப் படைகளுக்குக் கிடைத்திருந்ததால், "நோபல் பரிசு பெற்றவருக்குத் துணி துவைக்கத் தெரியாதா?" என்று விடுமுறையில் வந்தபோது என் மனைவி கேட்டதும் உண்டு.

வேலை எளிமையானது. இரு படைகளும் எந்தக் கோட்டில் நின்றனவோ அங்கேயே நிற்கின்றனவா, புதிதாகப் பதுங்குகுழி தோண்டுகின்றனவா, யாராவது சுட்டார்களா என்று பார்த்து எழுத வேண்டும். ஈராக்கியத் தொடர்பு அதிகாரி ஒருவர் எப்போதும் உடன் வருவார். பஞ்ச்வின் பக்கம் பனிக்காலத்தில் வண்டி போகாது, நடந்து ஏறினோம். எல்லைக்கோட்டில் நான் பார்த்த ஈரானியச் சிப்பாய்களும் ஈராக்கியச் சிப்பாய்களும் பெரும்பாலும் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த பையன்கள். சுட்டுக்கொள்ளும் ஆசை இரு தரப்பிலும் தீர்ந்துபோயிருந்தது.

எல்லைக்குப் போகும் வழிதான் வேறு விதமாக இருந்தது. மலைச்சரிவில் திடீரென்று ஒரு வரிசை நெட்டிலிங்கம்போல ஓங்கிய மரங்கள் வரும். பாப்லர் மரங்கள். பக்கத்தில் இரண்டு மல்பெரி, ஓர் அக்ரூட், கொஞ்சம் மாதுளைப் புதர். அங்கே மனிதர் யாரும் இருக்க மாட்டார்கள். குர்துக் கிராமத்தில் வீட்டுக் கூரைக்கு உத்திரம் போடவென்றே பாப்லரை வரிசையாக வளர்ப்பார்கள் என்பதை நான் அறிந்துகொள்ளச் சில வாரங்கள் ஆயின. அதற்குப் பிறகு பாப்லர் வரிசை கண்ணில் பட்டால் கீழே கல் குவியலைத் தேடுவேன். தப்பாமல் இருக்கும். சில இடங்களில் ஊற்றுக்கண்ணையும் சிமென்ட் ஊற்றி அடைத்திருந்தார்கள். வீட்டை இடித்தால் திரும்பக் கட்டிக்கொள்வார்கள். தண்ணீரை அடைத்தால்தான் வர மாட்டார்கள் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

"போரில் சேதமானவை" என்றார் தொடர்பு அதிகாரி. பீரங்கிக் குண்டு விழுந்த ஊர் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரு சுவர் நிற்கும், ஒரு சுவர் சரிந்திருக்கும், மூலையில் அடுப்பு அப்படியே இருக்கும். இங்கே எல்லாச் சுவர்களும் ஒரே உயரத்தில், முழங்காலுக்குக் கீழே இருந்தன. அது புல்டோசரின் வேலை.

பின்னாளில் அதற்குப் பெயர் தெரிந்தது: அன்ஃபால். குர்ஆனின் எட்டாவது அத்தியாயத்தின் தலைப்பு அது. போரில் வென்றெடுத்த பொருள் என்று அர்த்தம். தங்கள் நாட்டுக் கிராமங்களின்மீது நடத்திய ராணுவ நடவடிக்கைக்கு ஈராக் அரசு அந்தப் பெயரைச் சூட்டியது. 1988 பிப்ரவரி 23 தொடங்கி எட்டுக் கட்டங்கள். சத்தாமின் ஒன்றுவிட்ட சகோதரர் அலி ஹசன் அல்-மஜீத் வடக்குப் பகுதியின் முழு அதிகாரத்தோடு அதை நடத்தினார். நடவடிக்கை தொடங்கிச் சில வாரங்களில், மார்ச் 16 அன்று, ஹலப்ஜா நகரின்மீது விஷவாயுக் குண்டுகள் விழுந்தன. சுமார் 5,000 பேர் இறந்தார்கள். ஹலப்ஜாவை உலகம் அறியும், ஏனென்றால் நகரம் அப்போது ஈரானியப் படையின் கையில் இருந்ததால் புகைப்படக்காரர்கள் உள்ளே போக முடிந்தது. கர்மியான் சமவெளியிலிருந்து லாரிகளில் ஏற்றிப்போய்த் தெற்குப் பாலைவனத்தில் குழிகளின் ஓரத்தில் நிறுத்திச் சுட்டவர்களுக்குப் புகைப்படம் இல்லை. அன்ஃபாலில் கொல்லப்பட்டவர்கள் 50,000 முதல் 1,00,000 வரை என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் மதிப்பிட்டது. குர்துகள் சொல்லும் எண் 1,82,000. அந்த எண்ணை 1991 பேச்சுவார்த்தையில் குர்துகள் எழுப்பியபோது, அது ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்காது என்று அல்-மஜீத் கோபத்தோடு மறுத்ததாகப் பதிவு இருக்கிறது. மறுப்பே வாக்குமூலம் ஆகிவிடுவது அபூர்வம்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். போர்நிறுத்தம் ஆகஸ்ட் 20. அன்ஃபாலின் கடைசிக் கட்டம் பாதினான் பகுதியில் தொடங்கியது ஆகஸ்ட் 25. ஈரானிய முனையிலிருந்து விடுபட்ட படைகள் ஐந்தே நாளில் வடக்கே திருப்பப்பட்டன. உலகம் கொண்டாடிய அமைதிதான் அந்தக் கிராமங்களுக்கு நேரமும் ஆளும் ஒதுக்கிக்கொடுத்தது. நான் காவல் காத்தது அந்த அமைதியை.

எங்களுக்குத் தரப்பட்ட பொறுப்பு இரு நாடுகளுக்கு இடையிலான கோடு. ஒரு நாடு தன் எல்லைக்குள் தன் குடிமக்களை என்ன செய்கிறது என்பது தீர்மானத்தில் இல்லை. அதை ஒரு காரணமாகச் சொல்லலாம். நானும் பல ஆண்டுகள் சொன்னேன். 1989 ஜூனில், நான் அங்கே இருக்கும்போதே, கலா திசா என்ற நகரம் முழுவதும் காலி செய்யப்பட்டு இடிக்கப்பட்டது. போர் முடிந்து பத்து மாதம் ஆகியிருந்தது. சுலைமானியாவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. அன்றைய என் அறிக்கையில் பதுங்குகுழிகளின் எண்ணிக்கை இருக்கிறது. கலா திசா இல்லை. எழுதினால் என்ன நடந்திருக்கும் என்றால், ஒன்றும் நடந்திருக்காது. ஆனாலும் எழுதவில்லை என்பது எழுதவில்லைதான். நீங்கள் குறிப்பிட்ட தடுமாற்றம் என்னைப் பொறுத்தவரை இதுதான்.

அமெரிக்கப் படைவீரர்களின் தடுமாற்றம் வேறு வகை. 1991 பிப்ரவரியில், குவைத் போர் நடந்துகொண்டிருக்கையில், ஈராக்கிய மக்களே சத்தாமை அகற்றட்டும் என்று அமெரிக்க அதிபர் மூத்த புஷ் பேசினார். மார்ச் 5 அன்று ரானியா என்ற சிறு நகரில் குர்துகள் எழுந்தார்கள். இரண்டு வாரத்தில் கிர்குக் வரை அவர்கள் கையில். தெற்கு ஈராக்கின் சஃப்வானில் பேசி முடித்த போர்நிறுத்தத்தில் ஈராக்கிய விமானங்கள் பறக்கத் தடை இருந்தது. ஹெலிகாப்டர்களுக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. அந்த ஹெலிகாப்டர்கள் கிளர்ச்சியை நசுக்கின. வானத்தில் எதைக் கண்டாலும் ஹலப்ஜாவை நினைத்த மக்கள் மலைக்கு ஓடினார்கள்: துருக்கி எல்லைக்கு ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர், ஈரானை நோக்கிப் பத்து லட்சத்துக்கு மேல். அவர்களை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவர ஏப்ரலில் அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் போயின. தெற்கே அந்த ஹெலிகாப்டர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கப் பணிக்கப்பட்ட அதே ராணுவம், சில வாரங்களில் சாகோவில் கூடாரம் அடித்துக் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தது. இரண்டையும் பார்த்தவனால் ஒன்றை மட்டும் தனியாக நினைவுகூர முடியாது.

இங்கே ஒரு வாக்கியத்தின்மேல் எனக்கு நெடுநாளாக உள்ள எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். "குர்துகளுக்கு மலைகளைத் தவிர நண்பர்கள் இல்லை." எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் இருக்கும். குர்துகளும் சொல்வார்கள், சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் 1991 ஏப்ரலில் அந்த மலைகளில்தான் குழந்தைகளும் கிழவர்களும் குளிரிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தார்கள். மலை கெரில்லாவுக்கு ஒளிவிடம் தரும்; ஒரு கைக்குழந்தைக்குத் தராது. மலைதான் ஒரு பள்ளத்தாக்கை அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து பிரித்தது, ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவனைக் கொடுத்தது, கடலுக்கு வழியில்லாமல் செய்தது. உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் பாதி அதில் இருக்கிறது.

மீதிப் பாதி முதல் உலகப் போரின் முடிவில். ஒட்டோமான் பேரரசு நொறுங்கியபோது, 1920 ஆகஸ்டில் கையெழுத்தான செவர்ஸ் உடன்படிக்கை 62 முதல் 64 வரையான பிரிவுகளில் குர்துகளுக்குத் தன்னாட்சியும், பின்னர் அவர்கள் விரும்பினால் விடுதலையும் என்று எழுதியது. துருக்கியத் தலைவர் முஸ்தஃபா கெமால் போர்க்களத்தில் வென்றதால் அந்த உடன்படிக்கை நடைமுறைக்கே வரவில்லை. 1923 லொசான் உடன்படிக்கையில் குர்துகள் என்ற சொல்லே கிடையாது. சுலைமானியாவும் கிர்குக்கும் அடங்கிய மோசூல் மாகாணம் பிரிட்டனின் பொறுப்பில் இருந்த ஈராக்குக்குப் போனது. 1927இல் கிர்குக் அருகே பாபா குர்குரில் எண்ணெய் பீறிட்டது. அதற்குப் பிறகு எந்த அரசும் அந்த நிலத்தைத் தானாக விட்டுக்கொடுக்கும் என்று எதிர்பார்ப்பது, சர்க்கரை மூட்டையை எறும்பிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பக் கேட்பதுபோல.

இந்த இடத்தில் நம் ஆட்களும் வருகிறார்கள். சுலைமானியாவின் ஷேக் மஹ்மூத் பர்சன்ஜியைப் பிரிட்டிஷார் முதலில் ஆளுநராக ஏற்றார்கள். 1919 மேயில் அவர் தன்னாட்சியை அறிவித்ததும் படை அனுப்பினார்கள். போனது 18ஆம் இந்திய டிவிஷன். ஜூனில் பாசியான் கணவாயில் ஷேக் காயமுற்றுப் பிடிபட்டார். ஒட்டோமான் ஆட்சியின் கீழிருந்த இனங்களுக்குத் தன்னாட்சி வேண்டும் என்ற, அமெரிக்க அதிபர் வில்சனின் பதினான்கு அம்சங்களில் பன்னிரண்டாவதையும், அதே வாக்குறுதி தந்த ஆங்கிலோ–பிரெஞ்சு அறிக்கையையும் குர்திஷில் குர்ஆன் பிரதியின் வெற்றுத் தாள்களில் எழுதி, தாயத்துபோலக் கையில் கட்டியிருந்தாராம். பாக்தாத் மருத்துவமனையில் தன்னைப் பார்க்க வந்த பிரிட்டிஷ் நிர்வாகியிடம் அதைக் காட்டினார். மரண தண்டனை விதித்து, பிறகு குறைத்து, இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். 1922இல் அவர்களே திரும்ப அழைத்துவந்தார்கள். வந்தவர் தன்னைக் குர்திஸ்தானின் மன்னர் என்று அறிவித்தார். இம்முறை விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். ஈராக்கில் 1932 வரை செலாவணி இந்திய ரூபாய்தான். சுலைமானியாக் கடைவீதியில் ஒரு கிழவர், பற்களுக்கிடையே சர்க்கரைக் கட்டியை வைத்துக்கொண்டு சிறிய கண்ணாடிக் குவளையில் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தவர், நான் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் "ரூபியா!" என்று சொல்லிச் சிரித்தார். மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தொடர்பு அதிகாரி திரும்பிப் பார்த்தார். கிழவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த மிக நீண்ட அரசியல் உரையாடல் அதுதான்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1946 ஜனவரியில் ஈரானின் மஹாபாத் நகரில் சோவியத் நிழலில் ஒரு குர்துக் குடியரசு பிறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் விழுந்தது. அதன் தலைவர் காசி முஹம்மத் 1947 மார்ச்சில் அங்கேயே தூக்கிலிடப்பட்டார். அதன் படைக்குத் தலைமை தாங்கிய ஈராக்கியக் குர்து முஸ்தஃபா பர்சானி சில நூறு பேருடன் மலை வழியாகச் சோவியத் ஒன்றியத்துக்குத் தப்பி, 1958இல் திரும்பி, 1961இல் பாக்தாதுக்கு எதிராகப் போரைத் தொடங்கினார். 1970 மார்ச்சில் தன்னாட்சி உடன்பாடு. கிர்குக் யாருக்கு என்பதில் அது முறிந்தது. ஈரானின் மன்னர் ஷாவும் அமெரிக்காவும் பர்சானிக்கு ஆயுதம் கொடுத்தார்கள். 1975 மார்ச் 6 அன்று அல்ஜியர்ஸில் ஷாவும் சத்தாமும் கைகுலுக்கி எல்லைத் தகராறைத் தீர்த்துக்கொண்டார்கள். உதவி உடனே நின்றது, பர்சானியின் இயக்கம் சில வாரங்களில் சரிந்தது. குர்துகள் வெல்ல வேண்டும் என்று உதவியவர்கள் எப்போதுமே எண்ணியதில்லை, ஈராக்கின் சக்தி கரைந்தால் போதும் என்றே எண்ணினார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அடுத்த ஆண்டு தயாரித்த அறிக்கையில் கண்டிருந்தது.

துரோகக் கதை இதோடு முடிந்திருந்தால் பதில் எளிதாக இருந்திருக்கும். குர்துகளின் மீது அன்பு கொண்டவர்கள் இங்கேதான் நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்தப் போவதில்லை.

1989இல் நான் சோதனைச் சாவடிகளில் பார்த்த ஆயுததாரிகளில் பலர் குர்துகள். அரசிடம் சம்பளம் வாங்கிய குர்துப் படை. அரசு அவர்களைக் குதிரைவீரர்கள் என்றது; மக்கள் "ஜாஷ்" என்றார்கள், கழுதைக்குட்டி என்று பொருள். அன்ஃபாலில் கிராமங்களுக்கு வழிகாட்டியவர்கள் அவர்கள். கட்டாய ராணுவ சேவையிலிருந்து தப்ப ஜாஷ் ஆனவனும் உண்டு, பகலில் ஜாஷ் இரவில் பெஷ்மெர்கா, அதாவது குர்துப் போராளி, என்று வாழ்ந்தவனும் உண்டு. லாரியில் ஏற்றப்பட்டவர்களை ரகசியமாக இறக்கிவிட்டவர்களும் உண்டு. 1991 எழுச்சியில் இவர்கள் கூட்டமாகத் தரப்பு மாறியதால்தான் நகரங்கள் அத்தனை வேகமாக வீழ்ந்தன.

அந்த எழுச்சிக்குப் பிறகு சத்தாம் தன் நிர்வாகத்தை வடக்கிலிருந்து விலக்கிக்கொண்டார். கையில் ஒரு நிலம் வந்தது. 1992 மேயில் தேர்தல் நடந்தது. பர்சானியின் கட்சியும் அதன் போட்டித் தலைவர் ஜலால் தலபானியின் கட்சியும் ஏறத்தாழச் சம வாக்குகள் பெற்று, நாடாளுமன்றத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 1994இல் சுங்க வருவாய்க்காகவும் அதிகாரத்துக்காகவும் சுட்டுக்கொண்டார்கள். தலபானிக்கு ஈரான் உதவியது. 1996 ஆகஸ்ட் 31 அன்று, அன்ஃபால் முடிந்து எட்டே ஆண்டுகளில், பர்சானியின் மகன் மசூத் சத்தாமின் டாங்கிகளை எர்பிலுக்குள் வரவழைத்துத் தலபானியின் ஆட்களை வெளியேற்றினார். 1983இல் பர்சானிக் குலத்தின் ஆண்களையும் சிறுவர்களையும் ஆயிரக்கணக்கில் பிடித்துச்சென்று கொன்ற அதே சத்தாம். இந்தச் செய்தியை நான் செகந்திராபாத்தில் காலைத் தேநீரோடு வானொலியில் கேட்டேன். குவளையைக் கீழே வைத்துவிட்டேன்.

இதை ஏதோ குர்துகளின் பிறவிக் குணம் என்று கொள்ள வேண்டாம். ஒவ்வொரு அண்டை நாடும் அடுத்த நாட்டின் குர்துகளுக்கு உதவி, தன் குர்துகளை ஒடுக்கியது. ஈரான் ஈராக்கியக் குர்துகளுக்கு. ஈராக் ஈரானியக் குர்துகளுக்கு. சிரியா துருக்கியின் குர்துகளுக்கு. உதவி பெற்றவர்கள் அந்தந்தப் புரவலரின் குர்துகளைப் பற்றி வாய் திறக்க முடியாது. நூறாண்டு இப்படி நடந்தால் எந்த இனமும் பல துண்டாகத்தான் இருக்கும். மொழியிலும் குர்மாஞ்சி, சோரானி என்று பெரும் பிரிவுகள். ஒன்றைத் துருக்கியில் ரோமன் எழுத்திலும் மற்றொன்றை ஈராக்கில் அரபு எழுத்திலும் எழுதுகிறார்கள். நீங்கள் போகும் எர்பிலில் சோரானி பேசுவார்கள். இரண்டு மணி நேரம் வடமேற்கே தஹூக் போனால் குர்மாஞ்சி.

2003க்குப் பிறகு நிலைமை மாறியது. 2005 அரசியல் சட்டம் குர்திஸ்தானைக் கூட்டாட்சிப் பகுதியாக ஏற்றது. தலபானி ஈராக்கின் அதிபரானார். அரசு கிடைத்தது. அரசு என்றால் குழாயில் தண்ணீர் வருகிறதா என்ற கேள்வியும் சேர்ந்துதான் கிடைக்கும். 2006 மார்ச் 16 அன்று, ஹலப்ஜாவின் நினைவு நாளில், அந்நகர மக்களே அங்கிருந்த நினைவுமண்டபத்துக்குத் தீ வைத்தார்கள். தலைவர்கள் வெளிநாட்டு விருந்தினரை ஆண்டுக்கொரு முறை அழைத்துவந்து அழுதுவிட்டுப் போகிறார்கள், எங்களுக்குச் சாலையும் இல்லை தண்ணீரும் இல்லை என்பது அவர்கள் குறை. ஒரு பையன் சுடப்பட்டு இறந்தான். குர்து அரசியலைப் புரிந்துகொள்ள எந்தப் போரையும்விட எனக்கு உதவியது இந்தச் செய்திதான்.

2017 செப்டம்பர் 25 அன்று விடுதலைக்கான பொது வாக்கெடுப்பு. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 93 சதவீதம் ஆம் என்றார்கள். பாக்தாத், டெஹ்ரான், அங்காரா, வாஷிங்டன் அனைத்தும் வேண்டாம் என்றன. மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 16 அன்று, ஈராக்கியப் படை கிர்குக்கை அதிகச் சண்டையின்றி எடுத்துக்கொண்டது. தலபானி கட்சியின் ஒரு பிரிவு தன் பெஷ்மெர்காவை விலக்கிக்கொண்டதே காரணம் என்று பர்சானி தரப்பு இன்றும் சொல்கிறது. தொண்ணூற்று மூன்று சதவீதம் வீட்டில் இருக்கலாம். விமான நிலையத்தின் வானவழி பாக்தாதின் கையில், எண்ணெய்க் குழாய் துருக்கியின் கையில், சந்தைக்கு வரும் தக்காளி ஈரான் வழியில். ஒரு நாடு ஆவதற்கு மக்களின் விருப்பம் போதாது, பக்கத்து வீட்டுக்காரன் கதவை அடைத்தால் எத்தனை நாள் தாங்கும் என்பதும் வேண்டும். இதைப் படிக்கும் தமிழர்கள் மனதில் ஈழம் வந்து நிற்கும் என்று தெரியும். ஒப்பிட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒப்பிடும்முன் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள் என்பேன். நான்கு நாடுகளுக்கு நடுவில் சிக்கிய மலையின் சிக்கல் வேறு, கடல் சூழ்ந்த தீவின் சிக்கல் வேறு.

துருக்கியின் குர்துகள் கதை தனி. 1984இல் ஆயுதம் ஏந்திய குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி, சிறையில் இருக்கும் அதன் தலைவர் ஓஜலானின் அழைப்பை ஏற்று 2025 மேயில் தன்னைக் கலைப்பதாக அறிவித்தது. ஜூலை 11 அன்று அதன் போராளிகள் முப்பது பேர் ஒரு பெரிய அண்டாவில் துப்பாக்கிகளைப் போட்டு எரித்தார்கள். நடந்த இடம் துருக்கி அல்ல. சுலைமானியா மாகாணத்தின் ஜசானா குகை வாயில். 1923இல் பிரிட்டிஷ் விமானங்களுக்குத் தப்பி ஷேக் மஹ்மூத் ஒளிந்திருந்து செய்தித்தாள் அச்சிட்ட குகை அது. தொலைக்காட்சியில் பார்த்தபோது பின்னணியில் இருந்த மலை எனக்கு அடையாளம் தெரிந்தது.

எர்பிலில் உங்களுக்கு வேலை நெருக்கடி இருக்கும். ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை சுலைமானியா போய்வாருங்கள். உங்கள் அலுவலகத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர் இருந்தால் அரசியல் கேட்காதீர்கள், சொந்தக் கிராமத்தின் பெயரைக் கேளுங்கள். மீதியை அவரே சொல்வார். அவரோடு கிர்குக் சாலையில் போக வாய்த்தால் பாசியான் கணவாயில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். ஷேக் காயமுற்றுச் சாய்ந்த பாறையை 'வீரனின் கல்' என்று பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். அவரைச் சுட்டது யார் என்று உடன் வருபவர் சொல்லத் தயங்குவார், விருந்தாளியின் மனம் நோகுமே என்று. நீங்களே சொல்லிவிடுங்கள்.